புல்தரையில் பூத்த நீலப்பூ கேமஸ்தானா? அதன் கிழங்கைச் சாப்பிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் போர்ட்லாந்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். ஏப்ரல் கடைசியில் பின்பக்கப் புல்தரையில் நீலப்பூக்கள் கூட்டமாகப் பூத்தன. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது கேமஸ், இந்த ஊர்ப் பூர்வகுடி மக்கள் இதன் கிழங்கைத்தான் சாப்பிட்டு வாழ்ந்தார்கள்" என்றார். தோண்டியெடுத்து நம் ஊர்க் கிழங்கு மாதிரி அவித்துச் சாப்பிடலாமா, ஊருக்குப் போகும்போது நாலைந்தைக் கொண்டுபோய்க் கொடைக்கானல் வீட்டில் நடலாமா என்பவை உங்கள் கேள்விகள். இவற்றுக்குள் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது, அதுதான் முக்கியமானது: மண்ணுக்குள் இருப்பது கேமஸ்தான் என்று எப்படி உறுதிசெய்வது?

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். கேமஸ் கிழங்கு உண்ணத்தக்கது, அதில் ஐயமில்லை. ஆனால் அதை அரைமணி நேரம் அவித்துச் சாப்பிட்டால் வயிறு படாதபாடு படும். கொடைக்கானல் யோசனையை விட்டுவிடுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் புல்தரையில் இருப்பது கேமஸா என்பதை நீங்கள் எழுதியிருப்பதை வைத்து என்னால் சொல்ல முடியாது. படம் அனுப்பினாலும் பூவுக்குப் பெயர் சொல்லலாமே தவிர, அதன் கீழிருக்கும் கிழங்கைச் சாப்பிடலாம் என்று யாரும் உத்தரவாதம் தரக் கூடாது. பந்தயம் கட்டச் சொன்னால், அது கேமஸ் இல்லை என்ற பக்கம்தான் கட்டுவேன்.

ஏனென்றால் போர்ட்லாந்து, சியாட்டில் பக்கத்துப் பழைய வீட்டுத் தோட்டங்களில் ஏப்ரல், மே மாதங்களில் கூட்டமாகப் பூக்கும் நீலப்பூ பெரும்பாலும் ஸ்பானிஷ் புளூபெல். ஐரோப்பாவிலிருந்து அலங்காரத்துக்காக வந்து, தோட்டத்தைத் தாண்டிப் பரவி, இன்று பிடுங்கித் தீராத களையாக நிற்கிறது. அது நச்சுச்செடி. வேறுபாட்டைப் பூவில் பாருங்கள். புளூபெல் பூ மணி வடிவம். இதழ்கள் அடியில் நெருங்கிக் குழல்போல நின்று நுனியில் மட்டும் வெளிப்பக்கம் சற்று விரிந்திருக்கும். தலை கவிழ்ந்து தொங்கும். கேமஸ் பூ நட்சத்திர வடிவம். ஒடுக்கமான ஆறு இதழ்கள் அடிவரை தனித்தனியாகப் பிரிந்து, முழுக்க விரிந்து, பக்கவாட்டில் நம்மைப் பார்த்து நிற்கும். நடுவில் ஆறு மகரந்தத்தாள்கள். இன்னும் கூர்ந்து பார்த்தால், சிறிய கேமஸில் ஐந்து இதழ்கள் மேல்பக்கமாகவும் ஒன்று மட்டும் கீழ்நோக்கியும் விலகி நிற்பது தெரியும். எல்லாப் பூவிலும் இது பளிச்சென்று தெரியாது, ஆனாலும் நல்ல அடையாளம். இலையை நம்பாதீர்கள். புளூபெல் இலை அகலமாக, பளபளப்பாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் பெரிய கேமஸின் இலையும் ஏறக்குறைய அந்த அகலத்துக்கு வரும்.

கேமஸ் என்று பொதுவாகச் சொல்வது கமாசியா என்னும் பேரினத்தை. அதில் ஆறு இனங்கள் உண்டு, ஆறும் வட அமெரிக்காவுக்கே உரியவை. உங்கள் பகுதியில் இரண்டு முக்கியம். ஒன்று சிறிய கேமஸ், அதாவது கமாசியா குவாமாஷ்: ஒன்று, ஒன்றரை அடி உயரத் தண்டு, புல் மாதிரியான அடியிலைகள், தண்டின் மேல்பாதியில் வரிசையாக நீலமும் ஊதாவும் கலந்த பூக்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பர்ட்டா தொடங்கித் தெற்கே கலிபோர்னியா, கிழக்கே மொன்டானா, யூட்டா வரை இயற்கையாக வளர்கிறது. இன்னொன்று பெரிய கேமஸ், அதாவது கமாசியா லைக்ட்லினீ: மூன்றடிக்கு மேலும் போகும். இரண்டையும் பிரிப்பதற்கு எளிய வழி, பூ வாடும்போது பார்ப்பது. பெரியதில் ஆறு இதழ்களும் ஒன்றாக முறுக்கிக்கொண்டு இளங்காயை மூடும். சிறியதில் பெரும்பாலும் தனித்தனியாக வாடும். இரண்டின் கிழங்கும் உண்ணத்தக்கதுதான். பழைய புத்தகங்கள் இவற்றை லில்லிக் குடும்பத்தில் வைத்திருக்கும். இப்போதைய வகைப்பாட்டில் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம், அதற்குள்ளும் ஆனைக்கற்றாழைக்கு நெருங்கிய சொந்தம். இந்தச் சொந்தம் சமையலில் உதவும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இயற்கையான வாழிடம் என்று பார்த்தால், வசந்தத்தில் தண்ணீர் தேங்கும் அளவுக்கு ஈரமாகவும் ஜூலையில் வெடிப்பு விடும் அளவுக்குக் காய்ந்தும் போகிற புல்வெளிகள். உங்கள் ஊர் இருக்கும் வில்லாமெட் பள்ளத்தாக்கின் களிமண் தரை அதற்கென்றே அமைந்தது. ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேமஸ் வெளிகளாக இருந்தது. அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளான கலபூயா மக்கள் கோடை முடிவில் புல்வெளிக்குத் தீவைத்து, புதரும் மரமும் ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். உழவும் வீட்டுமனைகளும் வந்த பிறகு அதில் மிகச் சிறு பகுதியே மிஞ்சியிருக்கிறது. ஆக, உங்கள் மனையில் பழைய கேமஸ் தப்பிப் பிழைத்திருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. பல ஆண்டுகளாகப் புல்வெட்டி ஓடிய தரையில் அது அபூர்வம், அவ்வளவுதான்.

இனி உயிருக்கு ஆபத்தான விஷயம். கேமஸ் வளரும் அதே வெளியில், சில இடங்களில் கைக்கெட்டும் தூரத்திலேயே, டெத் கேமஸ் என்கிற செடி வளர்கிறது. டாக்ஸிகோஸ்கார்டியன் வெனெனோசம் என்பது இப்போதைய பெயர்; சிகடெனஸ் என்ற பழைய பெயரிலும் புத்தகங்களில் பார்ப்பீர்கள். இலை அதே புல் வடிவம். கிழங்கு அதே சின்ன வெங்காய அளவு, அதே கருத்த மேல்தோல், உள்ளே அதே வெள்ளை. முகர்ந்தால் இரண்டிலும் வெங்காய வாடை கிடையாது. சைகசின் என்ற நச்சு ஆல்கலாய்டு செடி முழுக்க இருக்கிறது. தின்ற சில மணி நேரத்துக்குள் வாயில் உமிழ்நீர் ஊறும், வாந்தி வரும், இதயத்துடிப்பு குறையும், ரத்த அழுத்தம் விழும். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. கிழங்கை நறுக்கிப் பார்த்தோ நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தோ கண்டுபிடிக்கும் வழி எதுவும் இல்லை. அப்படி இருப்பதாகச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

பிரித்தறிய ஒரே நம்பகமான வழி பூதான். டெத் கேமஸின் பூ சிறியது, வெண்மையிலிருந்து இளமஞ்சள் வரை இருக்கும், தண்டின் நுனியில் நெருக்கமாகக் கூடியிருக்கும். ஒவ்வொரு இதழின் அடியிலும் பச்சைமஞ்சள் நிறத்தில் ஒரு சுரப்பிப் புள்ளி உண்டு. பூ போய்க் காய் வந்த பிறகும் ஓரளவு சொல்லலாம். டெத் கேமஸ் காயின் உச்சியில் மூன்று தனித்தனிக் கொம்புகள் கூராக நிற்கும், பூவில் சூல்தண்டு மூன்றாகப் பிரிந்திருப்பதன் மிச்சம் அது. கேமஸ் பூவுக்குச் சூல்தண்டு ஒன்றே, அதனால் அதன் காயில் அந்த மூன்று கொம்புகள் இருக்காது. முப்பட்டையான காய் முதிர்ந்து வெடித்தால் பளபளக்கும் கறுப்பு விதைகள் தெரியும். காயும் இலையும் காய்ந்து விழுந்துவிட்டால் கதை முடிந்தது, அதன் பிறகு தோண்டுவது சூதாட்டம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஓரிகானின் தென்பகுதியில், அம்ப்குவா பள்ளத்தாக்கில், பெரிய கேமஸிலேயே வெண்பூ வகை ஒன்று இயல்பாக வளர்கிறது; நீலக் கூட்டத்துக்குள் அபூர்வமாக வெள்ளை ஒன்றும் தலைகாட்டும். செடிநூல் படித்தவர் அதைச் சரியாகப் பிரித்துச் சொல்வார். சமையலுக்கு என்றால் சட்டம் எளிது: வெள்ளையாகப் பூத்த எதையும் தொடாதீர்கள்.

நம் ஊரில் கார்த்திகைக் கிழங்கை, அதாவது செங்காந்தள் கிழங்கை, வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிர்விட்டவர்கள் உண்டு. இலங்கையிலும் அது தெரிந்த ஆபத்து. அங்கேயும் செடி பூத்து நிற்கும்போது யாரும் ஏமாறுவதில்லை, கொடி காய்ந்து கிழங்கு மட்டும் கையில் கிடைக்கும்போதுதான் விபரீதம் நடக்கிறது. கேமஸைக் காலங்காலமாக உண்ட மக்கள் இந்தச் சிக்கலுக்கு வைத்திருந்த தீர்வு நேரடியானது. கனடாவின் வாங்கூவர் தீவின் தென்முனையில், இன்றைய விக்டோரியா நகரம் இருக்கும் இடத்தில், லெக்வுங்கன் மக்களின் குடும்பங்களுக்கென்று தனித்தனிக் கேமஸ் நிலங்கள் இருந்தன. பெண்கள்தான் பார்த்துக்கொள்வார்கள். பூக்கும் காலத்தில் போய், வெள்ளையாகப் பூத்ததை வேரோடு பிடுங்கி எறிந்துவிடுவார்கள். பிறகு தோண்டும்போது அந்த நிலத்தில் ஐயத்துக்கே இடமில்லை. இதை வெறும் காட்டுணவுச் சேகரிப்பு என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. களை எடுப்பது, தீயிட்டுப் புதரை அடக்குவது, பெரிய கிழங்கை எடுத்துக்கொண்டு சிறியதைத் திரும்பப் புதைப்பது, விதையை அந்தக் குழியிலேயே உதிர்ப்பது, இதற்குப் பெயர் வேளாண்மைதான்.

அடுத்தது சமையல். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் காலை வாரிவிடும். நாம் அவிக்கும் கிழங்குகளில் பெரும்பாலானவை மாவுச்சத்துக் கிழங்குகள். மாவுச்சத்து, குளுக்கோஸ் கோத்த சங்கிலி. இருபது, முப்பது நிமிடக் கொதியில் இளகிவிடும், மிச்சத்தை நம் குடல் நொதிகள் உடைத்துவிடும். கேமஸ் தன் உணவை அப்படிச் சேமிப்பதில்லை. அதில் இருப்பது இனுலின், பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் கோத்த சங்கிலி. அதை உடைக்கும் நொதி மனிதனிடம் இல்லை. உடையாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிற இனுலினை அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கவைக்கும். விளைவு: வயிற்று உப்புசம், பிடிப்பு, அடக்க முடியாத வாயு, அளவு கூடினால் வயிற்றுப்போக்கு. கிழங்கு மெத்தென்று வெந்துவிட்டதே என்று பார்த்து ஏமாறக் கூடாது. மென்மை வேறு, இனுலின் உடைவது வேறு. சங்கிலி உடைய ஈரமும் சூடும் நீண்ட நேரம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மெக்சிகோவில் ஆனைக்கற்றாழையின் நடுத்தண்டைக் குழியில் நாள்கணக்கில் சுட்டுத்தான் இனிப்பாக்குகிறார்கள், அதிலும் இதே இனத்துச் சர்க்கரைச் சங்கிலிதான். நான் முன்னே சொன்ன சொந்தம் இதுதான்.

இதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராய அந்நாட்டு அரசு அனுப்பிய லூயிஸ், கிளார்க் குழு மலையைக் கடந்து பசியோடு இறங்கியபோது, 1805 செப்டம்பர் 20 அன்று, இன்றைய ஐடஹோவின் வீயைப் புல்வெளியில் கிளார்க்கின் முன்னணிக் குழுவுக்கு அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான நெஸ் பெர்ஸ் மக்கள் சால்மன் மீனும் இறைச்சியும் கேமஸும் கொடுத்து உபசரித்தார்கள். குழுவில் ஏறக்குறைய எல்லோரும் அடுத்தடுத்த நாட்களில் வயிற்றுக் கோளாறில் படுத்தார்கள். காரணம் கேமஸ் மட்டும்தானா, பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையத் தின்றதா, மீனா என்பது இன்றும் வாதத்துக்குரியது; எல்லாம் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன். மறு ஆண்டு ஜூன் மாதம் அதே பகுதிக்குத் திரும்பிய லூயிஸ், குழியில் சுடும் முறையைப் படிப்படியாகக் குறித்துவைத்தார். கிழங்கு ருசியாகத்தான் இருக்கிறது, ஆனால் எப்படிச் சமைத்தாலும் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் எழுதினார். அதற்கு மறுநாள் குறிப்பில், பூத்த வெளி தூரத்திலிருந்து தெளிந்த ஏரி மாதிரி தெரிகிறது என்று வியக்கிறார். அங்கே உயரம் கூடுதல் என்பதால் பூப்பது ஜூனில். உங்கள் ஊரில் ஏப்ரல், மே.

குழி முறையின் சாரம் இது. இடுப்பகலத்துக்கும் மேலான ஆழமற்ற குழி வெட்டி, அதில் கல் பரப்பி, மேலே விறகு எரித்துக் கல்லைப் பழுக்கச் சூடாக்குவார்கள். தணலை ஒதுக்கிவிட்டு ஈரமான புல், இலை, பெரணி எது கிடைக்கிறதோ அதைத் தடிமனாகப் பரப்பி, தோல் நீக்கிய கிழங்கைக் கொட்டி, மறுபடி இலை, மேலே மண். கொஞ்சம் தண்ணீர் விட்டு ஆவி கிளப்பி, மூடிய மண்ணின் மேலும் தீ வளர்ப்பார்கள். ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை. வெள்ளையாகப் போனது கரும்பழுப்பாக, பிசுபிசுப்பாக, கருப்பட்டி வாசனையோடு வெளியே வரும். அப்படியே தின்பார்கள், இடித்து வட்டாகத் தட்டிக் காயவைத்தால் குளிர்காலம் முழுக்கக் கெடாது. உப்பும் காரமும் தேவைப்படாத பண்டம் அது. வறுவலுக்கோ புளிக்குழம்புக்கோ ஆகாது.

வீட்டு அடுப்பில் மூன்று வழிகள் உண்டு. எளியது ஸ்லோ குக்கர், அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரம். இரண்டு, மூன்று செ.மீ. விட்டமுள்ள கிழங்கு இருபது எடுத்துக்கொள்ளுங்கள். மண் போக அலசி, கருத்த மேல்தோலை உரித்து, வேர்த்தட்டைச் சீவிவிடுங்கள். ஒரு கப் தண்ணீர் ஊற்றி மூடி, முதலில் கூடுதல் சூட்டில் வைத்துக் கொதி வந்ததும் குறைத்து, இரண்டு நாள் விடுங்கள். ஆறு மணிக்கொருமுறை தண்ணீர் வற்றிவிடாமல் பார்த்தால் போதும். இரண்டாவது அவன்: கனத்த மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் கிழங்கும் அரை கப் தண்ணீரும் வைத்து, மூடியின் விளிம்பை அலுமினியத் தாளால் அடைத்து, 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் ஒரு முழு நாளும் அதற்கு மேலும். இதில் அடிக்கடி கெடுவது ஒன்றே, தண்ணீர் வற்றிக் கிழங்கு தோல்போல இறுகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் தேறாது. மூன்றாவது பிரஷர் குக்கர். அழுத்தத்தில் 120 டிகிரி வரை சூடு ஏறுவதால் எட்டு, ஒன்பது மணி நேரத்தில் வேலை முடியும். ஆனால் நம் விசில் குக்கரில் ஒரே மூச்சாக அவ்வளவு நேரம் வைக்காதீர்கள். ஆவி போய்க்கொண்டே இருப்பதால் அடி காய்ந்து, சேஃப்டி வால்வு உருகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அணைத்து, அழுத்தம் முழுக்க அடங்கிய பிறகு திறந்து, தண்ணீர் சேர்த்து மறுபடி ஏற்ற வேண்டும். இந்தத் தொல்லைக்கு ஸ்லோ குக்கரே மேல்.

மேலே சொன்ன நேரங்கள் குத்துமதிப்புதான். கிழங்கின் பருமன், தோண்டிய பருவம், உங்கள் குக்கரின் உண்மையான சூடு இவற்றைப் பொறுத்து மாறும். கடிகாரத்தை விட்டுவிட்டுக் கிழங்கைப் பாருங்கள். பெரிய கிழங்கு ஒன்றை நடுவே பிளந்தால், மையம்வரை ஒரே சீராகப் பழுப்பேறியிருக்க வேண்டும். வெள்ளையோ கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பகுதியோ தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. ருசியில் வழவழப்பு போய் இனிப்பு முன்னால் வர வேண்டும். புளி சேர்த்தால் சீக்கிரம் ஆகுமா என்று தோன்றலாம். அமிலம் இனுலின் சங்கிலி உடைவதைத் துரிதப்படுத்தும் என்பது உண்மை. ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் கருணைக்கிழங்குக்குப் புளி ஊற்றுவது நாக்கரிப்புக்காக, அது வேறு கணக்கு. கேமஸில் அரிப்பு கிடையாது. முதல்முறை சாப்பிடும்போது ஒன்றோ இரண்டோ போதும், மறுநாள் வரை பொறுங்கள். சரியாக வெந்த கிழங்கிலும் ஃபிரக்டோஸ் நிறைய இருக்கும், உடையாத இனுலின் கொஞ்சமாவது மிஞ்சும். பழச்சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்கள், எரிச்சல் குடல் நோய் உள்ளவர்கள், சிறு குழந்தைகள் விலகி இருப்பது நல்லது.

அப்படியானால் கிழங்குக்கு எங்கே போவது? காட்டில் தோண்டுவதை நான் பரிந்துரைக்கவில்லை. அடையாளச் சிக்கல் ஒரு காரணம். தேசியப் பூங்காக்களில் செடியைத் தோண்டுவது குற்றம், தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதி வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம் கொஞ்சம் கனமானது. இந்த வெளிகள் சிலருக்கு இன்றும் உணவுக் களம். நெஸ் பெர்ஸ் மக்களோடு அமெரிக்க அரசு 1855-இல் செய்த ஒப்பந்தத்திலேயே கிழங்கும் பழமும் சேகரிக்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. தெற்கு ஐடஹோவில் நடந்தது இன்னும் மோசம். ஷோஷோனி, பானக் என்ற பூர்வகுடி மக்களோடு 1868-இல் ஃபோர்ட் பிரிட்ஜரில் செய்த ஒப்பந்தத்தில் கேமஸ் வெளி என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கான்சாஸ் வெளி' என்று எழுதிவைத்தார்கள். அந்தக் குழப்பம் தீராமலே குடியேறிகளின் மாடுகளும் பன்றிகளும் வெளிக்குள் புகுந்தன. பன்றி கிழங்கைக் கிளறித் தின்றுவிட்டால் அடுத்த ஆண்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. 1878-இல் மூண்ட பானக் போருக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே வளர்த்துச் சாப்பிடுங்கள், உங்கள் ஊர் மண் அதற்குத் தோது. உள்ளூர்ச் செடிகளை விதையிலிருந்து வளர்த்து விற்கும் நர்சரிகளில் சிறிய கேமஸ் கிழங்கு இலையுதிர் காலத்தில் கிடைக்கும். பெரிய கடைகளில் வலைப்பையில் வருகிற ஹாலந்துக் கிழங்கும் கேமஸ்தான், ஆனால் அது அலங்காரத்துக்கு வளர்த்தது, பூஞ்சைக்கொல்லியில் நனைத்திருக்கலாம். அதை வாங்கினால் உடனே சமைக்காமல், நட்டு, அதன் விதையில் முளைத்த அடுத்த தலைமுறையைச் சாப்பிடுங்கள். செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை நடலாம். பத்துப் பன்னிரண்டு செ.மீ. ஆழம், கிழங்குக்குக் கிழங்கு பத்து செ.மீ. இடைவெளி, ஒரு சதுர மீட்டருக்கு நூறு வரை கொள்ளும். களிமண் பரவாயில்லை. குளிர்கால மழையே போதும், மே வரை ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சரி. கோடையில் தெளிப்பான் ஓடும் புல்தரைக்கு நடுவே நடாதீர்கள், உறங்கும் கிழங்கு வெதுவெதுப்பான ஈரத்தில் அழுகும். களைக்கொல்லி தெளித்த தரையும், பழைய வீட்டுச் சுவர் ஓரமும் வேண்டாம். 1978-க்கு முந்தைய வீடுகளின் வெளிச்சுவர்ப் பூச்சில் ஈயம் இருந்திருக்கலாம், உதிர்ந்த பூச்சு சுவரோர மண்ணில்தான் சேரும். எலி வகைகள் கிழங்கைத் தேடி வரும். பாத்தியின் அடியிலும் பக்கத்திலும் சிறுகண் கம்பிவலை போட்டுவிட்டால் நிம்மதி. பூத்தண்டை மான் மேய்ந்துவிடும், அதற்கு வேலி தவிர வழியில்லை.

விதையிலிருந்து என்றால் பொறுமை வேண்டும். விதைக்கு ஒன்றரை முதல் மூன்று மாதம் ஈரக்குளிர் தேவை. அக்டோபரில் ஆழமான தொட்டியில் அரை செ.மீ. மண் மூடி விதைத்து வெளியில் வைத்துவிட்டால் குளிர்காலமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். முதல் ஆண்டு ஊசிபோல ஒற்றை இலை வரும், புல் என்று பிடுங்கிவிடாதீர்கள். ஜூனில் அது காய்ந்ததும் செடி செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடுகிறவர்கள் ஏராளம். உள்ளே அரிசி அளவில் கிழங்கு உயிரோடு இருக்கும். இரண்டு ஆண்டு தொட்டியிலேயே விட்டுவிட்டு, பிறகு பாத்திக்கு மாற்றுங்கள். பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். இலை தானாக மஞ்சளாகும்வரை அறுக்கக் கூடாது. கிழங்கு பருப்பது அந்த இலையால்தான். புல்வெட்டியை மே மாதத்தில் ஓட்டிவிட்டு, அடுத்த ஆண்டு பூக்கவில்லையே என்று கேட்பது வழக்கமாக நடக்கிற தவறு.

நீங்களே நட்ட பாத்தியானாலும் பூக்கும்போது ஒவ்வொரு தண்டையும் பாருங்கள். நீலமாகப் பூத்ததற்கு மட்டும் தண்டடியில் அடையாள நூல் கட்டுங்கள். ஜூன் கடைசியில் காய் வெடித்து, தண்டு இன்னும் நிற்கும்போது தோண்டுங்கள். ஒடுக்கமான மண்வெட்டியால் பக்கவாட்டில் நெம்பி மண்கட்டியோடு தூக்கி, நூல் கட்டிய தண்டைப் பிடித்துக்கொண்டே கிழங்குவரை விரலால் போக வேண்டும். தண்டோடு ஒட்டி வருவதுதான் சமையலுக்கு. தண்டு அறுந்துவிட்டால், அது எவ்வளவு பெரிய கிழங்காக இருந்தாலும், திரும்பப் புதைத்துவிடுங்கள். மண்ணில் உதிரியாகக் கிடப்பதும் அப்படியே. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். சிறிய கேமஸ் பக்கக் கிழங்கு அதிகம் விடாது, விதையால்தான் பெருகும். வெடித்த காயை அந்தக் குழியிலேயே கசக்கி உதிர்த்து மண்கட்டியைத் திருப்பி மூடுங்கள்.

கொடைக்கானலுக்கு வருகிறேன். கேமஸின் நாள்காட்டி குளிர்கால மழை, வறண்ட கோடை என்பதற்குக் கட்டப்பட்டது. ஜூலை முதல் அக்டோபர் வரை அது காய்ந்த மண்ணில் உறங்க வேண்டும். கொடைக்கானலில் அந்த மாதங்களில்தான் மழை. ஒரு பருவமழை ஓயும்போது அடுத்தது தொடங்கிவிடும். உறங்கும் கிழங்கு ஈரத்தில் கிடந்து அழுகும். மழை படாத கூரைக்குள் தொட்டியில் வைத்துக் காப்பாற்றலாமே என்றால், விதை முளைக்கத் தேவையான தொடர்ச்சியான கடுங்குளிர் அங்கே கிடைப்பதில்லை. சமவெளியில் பேச்சுக்கே இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே சட்டம் இருக்கிறது. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி, நடுவதற்கான கிழங்கோ விதையோ கொண்டுவர முன்கூட்டியே பெற்ற இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டிக்குள் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவது சட்டமீறல். மண்ணோடு வரும் புழுவும் பூஞ்சையும் மலைத்தோட்டங்களுக்கு என்ன செய்யும் என்பது வேறு கவலை. உலரவைத்துச் சமைத்த கேமஸை உறவினருக்குக் காட்ட வேண்டும் என்றால் அதற்கும் சுங்க விதிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்போதைக்கு உங்கள் புல்தரையில் எதையும் தோண்ட வேண்டாம். அடுத்த ஏப்ரலில் அது பூக்கும்போது பூவைப் பக்கவாட்டிலிருந்தும் நேராகவும், இலையை அடியிலிருந்தும், மே கடைசியில் காயையும் படமெடுத்துவைத்து, ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவில், அதாவது பொதுமக்களுக்குத் தோட்ட, வேளாண் ஆலோசனை சொல்லும் பிரிவில், காட்டிக் கேளுங்கள். வீட்டில் யாராவது தெரியாமல் ஏதாவது கிழங்கைத் தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் 1-800-222-1222 என்ற நச்சுத்தகவல் மைய எண்ணை அழையுங்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் நேராக 911. மிச்சமிருக்கும் கிழங்கையும் இலையையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துப்போங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவர்களுக்கு வேலை எளிதாகும்.